சமுதாயக் கூடத்தின் சாவி

போன ஆனியில் ஒரு விடிகாலை எங்கள் எதிர்வீட்டு மாமா தவறிப்போனார். ஸ்ரீரங்கத்தில் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாய் இடிந்து அடுக்ககங்கள் எழும்பிய வரிசையில் எங்களுடையதும் ஒன்று. மாமாவின் வீடு மூன்றாவது மாடி. ஐஸ் பெட்டி லிஃப்ட்டுக்குள் நுழையவில்லை. மகன் அமெரிக்காவிலிருந்து வந்துசேர ஒன்றரை நாளாகும் என்றார்கள். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஐந்தாறு கார்களை வெளியே எடுத்துவிட்டு, இரண்டு தூண்களுக்கு நடுவே மாமாவைக் கிடத்தினோம். பக்கத்திலேயே தண்ணீர் மோட்டார். அது ஓடும்போதெல்லாம் பெட்டியின் கண்ணாடி மூடி லேசாக அதிர்ந்தது. மாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், அந்த மூடியின் மேல் வைத்த கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பொதுக் கூடம் இருக்கிறது. அன்று அங்கே எந்த நிகழ்ச்சியும் இல்லை. கேட்கப் போனோம். வாசலில் பெரிய எழுத்தில் பலகை: 'சுப நிகழ்ச்சிகளுக்கு மட்டும்'. சாவி வைத்திருந்தவர் ஈரமில்லாத மனிதர் இல்லை. "எனக்கொண்ணும் இல்ல சார், ரூல்ஸ் அப்படி. நாளான்னிக்கு முகூர்த்தம் வச்சிருக்கவங்க காதுல விழுந்தா அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பாங்க" என்றார். திரும்பி வந்துவிட்டோம்.

அந்தப் பலகை பல நாள் என்னை விடவில்லை. ஒரு தெருவுக்கு, ஒரு வார்டுக்கு என்று பொதுவில் கட்டிய கட்டடத்தில் என்னென்ன நடக்கலாம்? யார் அதைத் தீர்மானிக்கிறார்கள்? கட்டும்போது எழுதிய பட்டியலை, ஊரின் தேவை மாறும்போது எப்படி நீட்டுவது? நீட்டுகிறேன் என்று சொல்லி யாராவது இடத்தையே சுருட்டிக்கொண்டால் எப்படித் தடுப்பது? திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இந்தக் கேள்விகளுக்குப் பழைய விடைகளும் புதிய விடைகளும் நிறையவே கிடக்கின்றன.

முதலில் கணக்கு. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல்கள், 5,000 பேருக்கு ஒரு சமுதாய அறை, 15,000 பேருக்கு நூலகத்தோடு கூடிய ஒரு சமுதாயக் கூடம் என்று அளவு சொல்கின்றன. கூடத்துக்கு 2,000 சதுர மீட்டர் நிலம். திருச்சி மாநகராட்சியில் 65 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 9 லட்சத்தை ஒட்டியது. வார்டுக்கு ஏறக்குறைய 14,000 பேர் என்று வருகிறது. ஆக, புத்தகக் கணக்குப்படி வார்டுக்கு ஒரு கூடம் இருந்தாக வேண்டும்.

வார்டைச் சுற்றி நடந்து பார்த்தால் பொதுக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை என்றே தோன்றும். அங்கன்வாடி ஒன்று இருக்கும். அது சமூக நலத்துறைக்குச் சேர்ந்தது. ரேஷன் கடை கூட்டுறவுத் துறையுடையது, கிளை நூலகம் நூலகத் துறையுடையது, நலவாழ்வு மையம் சுகாதாரத்தினுடையது. இ-சேவை மையத்துக்கு வேறு நிர்வாகம். சமுதாயக் கூடமும் பொதுக் கழிப்பிடமும் மாநகராட்சிக்கு உரியவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனி நேரம். நூலகத்துக்கு விடுமுறை நாளில் அந்த நாற்காலிகள் சும்மா கிடக்கும். அங்கன்வாடி மாலை நாலு மணிக்குப் பூட்டினால் மறுநாள் காலைவரை அந்த அறையில் யாரும் இல்லை. சமுதாயக் கூடம் முகூர்த்த நாளில் விழித்து, மற்ற நாளெல்லாம் உறங்கும். அதே வார்டில் வாடகை வீட்டு முன்னறையில் நடக்கும் இன்னொரு அங்கன்வாடியில், ஒரே ஒரு சன்னல் வெளிச்சத்தில் இருபது குழந்தைகள் பாய் விரித்துப் படுத்திருப்பதையும் பார்க்கலாம். ஊராட்சிகளில் கிராம சேவை மையம் என்று கட்டிய கட்டடங்கள் பல பூட்டியே கிடப்பதும் இதே கதைதான். செங்கல்லுக்குப் பணம் வருகிறது. உள்ளே என்ன நடக்கலாம் என்பது ஒவ்வொரு துறையின் கோப்புக்குள் தனித்தனியே முடங்கிக் கிடக்கிறது.

இந்த முடக்கம் நம் மரபில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்ரீரங்கம் ஊரே கோயில் என்ற ஒரு பொதுக் கட்டடத்தைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு. ஏழு பிராகாரங்களில் வெளிப்புறத்தவை இன்றும் வீடும் கடையும் நிறைந்த தெருக்கள். உள்ளே இருக்கும் மண்டபங்களுக்குக் கல்வெட்டிலும் நடைமுறையிலும் எத்தனை வேலை! ஒரே மண்டபம் ஒருநாள் வசந்த உற்சவத்துக்கு, மறுநாள் அரையர் சேவைக்கு, வேறொரு நாள் வழக்குத் தீர்க்க, கணக்கு எழுத, பரதேசி படுத்துறங்க.

அதில் ஒரு கல்வெட்டை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493ஐச் சேர்ந்த ஸ்ரீரங்கம் கல்வெட்டு ஒன்று, கருடவாகன பட்டர் என்பவர் கோயிலில் சிதைந்து கிடந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்ததையும், அங்கே தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததையும் பதிவு செய்கிறது. அந்த மருத்துவசாலை அவர் புதிதாகத் தொடங்கியது இல்லை. சமயபுரம் கண்ணனூரைத் தலைநகராக வைத்து ஹொய்சாளர்கள் இப்பகுதியை ஆண்ட 13ஆம் நூற்றாண்டிலேயே அது இருந்திருக்கிறது. படையெடுப்பில் சிதைந்ததைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். தன்வந்திரி சந்நிதி இன்றும் இருக்கிறது. வழிபாட்டுக்கென்று கட்டிய வளாகத்துக்குள் வைத்தியமும் நடக்கலாம் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார், இருநூறு ஆண்டு கழித்து இன்னொருவர் அதை உயிர்ப்பித்திருக்கிறார். இன்றைய அலுவலக மொழியில் சொன்னால், அனுமதிக்கப்பட்ட சேவைகளின் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தது, அழிந்தது, மறுபடி சேர்ந்தது.

பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இதைவிட நுணுக்கமானது. கோயிலோடு சேர்ந்து ஒரு கல்விக்கூடம், மாணவர் தங்கும் விடுதி, 15 படுக்கை கொண்ட மருத்துவசாலை. வைத்தியருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டுவருபவருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் எவ்வளவு, இரவு எரியும் விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்கிறது. சேவையை அறிவிப்பதோடு நிற்காமல், அதை நடத்தும் கைகளுக்குக் கூலியையும் கல்லில் வெட்டினார்கள். இன்று புதிய சேவை அறிவிக்கும் அரசாணைகளில் நான் முதலில் தேடுவது அந்த எண்ணெய்க் கணக்கைத்தான்.

பழம்பெருமை பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் கல்மண்டபங்களின் வாசல் ஊரார் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சென்னை மாகாணத்துக் கோயில்கள் சட்டப்படி எல்லாச் சாதியினருக்கும் திறந்தது 1947ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டத்தில்தான். இப்போதும் ஒரு பொதுக் கூடத்தை யார் கேட்டால் கிடைக்கும், யார் கேட்டால் 'அன்னைக்கு வேற புக்கிங் இருக்கு' என்று பதில் வரும் என்பதைக் கவனித்தால் பழைய வாசற்படி எங்கெங்கே மீந்திருக்கிறது என்று தெரியும். ஒரு கூடத்தில் என்னென்ன சேவை என்று பேசுவதற்கு முன் யாருக்குச் சேவை என்பதைப் பேசியே தீர வேண்டும்.

நம் காலத்தில், ஒரு மையத்தின் வேலை எப்படி விரிந்தது என்பதற்குத் திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியைவிட நல்ல சாட்சி இல்லை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர் அது. ஆரம்பத்தில் கிராமப்புறத்துச் சின்னக் குழந்தைகளுக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மட்டும். அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு வந்தது. 1983இல் முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர்களும் அதே மையத்தில் மதியம் சாப்பிடலாம் என்றார்கள். 1984இல் மேல் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். 1989இல் முட்டை வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் பள்ளிகளில் இப்போது விடிகாலையிலேயே அடுப்பு எரிகிறது.

குழந்தைக்கென்று மூட்டிய அடுப்பில் கிழவருக்கும் சோறு வெந்தது. அதே கூரை, அதே பாத்திரம், அதே ஆயாம்மா. இப்படி விரிந்ததால் பழைய பயனாளி எதையும் இழக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதியவர் வந்து உட்கார்ந்ததற்காகக் குழந்தையின் தட்டு எடுக்கப்படவில்லை.

மருத்துவத்திலும் இதே போக்கு. நாடு முழுக்க நீண்ட காலம் துணை சுகாதார நிலையங்கள் பெரும்பாலும் பிரசவம், குழந்தை, தடுப்பூசி என்ற வட்டத்துக்குள்ளேயே இருந்தன. 2018க்குப் பிறகு நலவாழ்வு மையம் என்று மாற்றியபோது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கண், காது, பல், மனநலம், முதியோர் பராமரிப்பு, வலி தணிப்பு என்று 12 வகைச் சேவைகள் பட்டியலில் ஏறின. தமிழ்நாட்டு நகரங்களுக்கு 708 நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, 2023 ஜூன் 6 அன்று 500 மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். நேரம் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை.

இதில் என்னை ஈர்த்தது அந்த மாலை நேரம். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரோ வீட்டு வேலைக்குப் போகும் அக்காவோ காலை பத்து மணிக்கு வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். ராத்திரி ஏழு மணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கலாம் என்பது ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடித்ததற்குச் சமம். சேவையை விரிப்பதென்றால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதென்றே நினைக்கிறோம். இருக்கும் ஒன்றை ஆளுக்கு வசதியான நேரத்துக்கு நகர்த்துவதும் விரிப்பதுதான். ஆனால் பட்டியலில் பன்னிரண்டு என்று எழுதிவிட்டு ஆட்கள் நாலு பேரே இருந்தால், மனநலத்துக்கும் வலி தணிப்பு மருத்துவத்துக்கும் யார் உட்காருவார்கள் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. திருமுக்கூடலின் எண்ணெய்க் கணக்கு இங்கேதான் இடிக்கிறது.

இப்போது கல்மந்தைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான் என்று சொன்னாலும் தகும்.

திருச்சி நகருக்குள் நெருக்கமான குடிசைப் பகுதி கல்மந்தை. இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில், திருச்சியைச் சேர்ந்த கிராமாலயா தொண்டு நிறுவனமும் வாட்டர்எய்ட் அமைப்பும் மாநகராட்சியோடு சேர்ந்து இங்கே ஒரு வேலை செய்தார்கள். பொதுக் கழிப்பிடத்தின் நிர்வாகத்தை அந்தப் பகுதிப் பெண்களின் குழுவிடம் ஒப்படைத்தார்கள். சுகாதாரக் கல்விக் குழு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஷீ' குழு என்று பெயர். 2002இல் கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்காத இந்தியாவின் முதல் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தூய்மை இந்தியா இயக்கம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால். கிராமாலயாவின் எஸ். தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதை நடத்திய விதத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வாசலில் ஒரு சின்ன மேசை. குழுவைச் சேர்ந்த ஒரு பெண் முறை வைத்து உட்காருவார். ஒரு தடவைக்கு 50 காசு, கையில் ஒரு டோக்கன். மேசைமேல் ஒரு கோடு போட்ட நோட்டு. எத்தனை டோக்கன், எவ்வளவு காசு, ஃபினாயில் எத்தனை பாட்டில், மோட்டார் காயில் கட்ட எவ்வளவு என்று எல்லாம் அதில். மின்கட்டணம், கூலி, பழுது போக மிச்சம் வங்கிக்குப் போகும். மிச்சம் சேர்ந்தபோதுதான் சுவாரசியமே ஆரம்பம். குழந்தைகள் பெரிய பீங்கானைக் கண்டு பயந்து சாக்கடை ஓரத்தில் உட்காருகின்றன என்றால், அவர்களுக்கென்று தாழ்வாக, கதவில்லாமல் தனி இடம் வேண்டும். பெண்கள் குளிக்கவும் துவைக்கவும் வசதி வேண்டும். பிறகு பகுதியின் வேறு பொதுத் தேவைகளுக்கும் அந்தப் பணம் போனது.

கழிப்பிடம் என்று தொடங்கியது மெல்ல மெல்லக் குடியிருப்பின் பொது மையமாக மாறியது. எந்த அரசாணையும் இன்னின்ன சேவை சேர்க்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. சாவி அவர்களிடம் இருந்தது, நோட்டு இருந்தது, காசு இருந்தது. நாளைக்கு என்ன தேவை என்பது டோக்கன் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்தாலே காதில் விழுந்துவிடும். 'சேவை விரிவாக்கம்' என்று கோப்பில் நாம் எழுதுவதன் உயிர்நாடி இதுவே என்று நினைக்கிறேன். எந்தச் சேவை அனுமதிக்கப்படும் என்பது சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதே மாவட்டத்தின் முசிறியில், ஸ்கோப் அமைப்பின் மராச்சி சுப்புராமன் சூழல் கழிப்பறையை இன்னொரு கோணத்தில் கொண்டுபோனார். பயன்படுத்துபவரிடம் காசு வாங்காமல், கழிவு உரமாகிறது என்பதால் அவருக்கே ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ. மும்பை காட்கோபரில் 2016இல் இந்துஸ்தான் யூனிலீவர் தொடங்கிய சுவிதா மையத்தில் கழிப்பறையோடு குளியலறை, குடிநீர், சலவை இயந்திரம் எல்லாம் ஒரே கூரைக்குள் வந்தன. வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்துவிட்ட பகுதியில் பொதுக் கழிப்பிடத்துக்கு வருவோர் குறைவது இயல்பு. அப்போது அந்தக் கட்டடத்தை இடிக்கலாம், பூட்டலாம், அல்லது துவைக்கும் இடமாக, முதியவர்கள் வெந்நீரில் குளிக்கும் இடமாக மாற்றலாம். மூன்றாவது வழிக்கு அனுமதிப் பட்டியலில் இடம் இருக்க வேண்டும். அதோடு, அங்கே சுத்தம் செய்யும் வேலை ஒரே சாதியின் தலையில் விழாதபடி ஏற்பாடும் இருக்க வேண்டும். கூலி கௌரவமாக இருந்தால், கருவி இருந்தால், முறை மாறி மாறி வந்தால் அது நடக்கும்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் பட்டியலைத் திறந்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். அப்படியில்லை. பட்டியலை நீட்டுகிறோம் என்ற பெயரில் பொது இடம் பறிபோன கதையும் உண்டு.

பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய மனை ஒன்றை, மருத்துவமனை கட்டட்டும் என்று பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் என்ற தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1991 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ஏற்க மறுத்தது. மருத்துவமனையும் மக்களுக்கு நல்லதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்காவில் யாரும் எப்போதும் காசில்லாமல் நுழையலாம், தனியார் மருத்துவமனை அப்படி இல்லை. திட்டத்தில் பொதுவுக்கென்று எழுதிய இடத்தை அதிகாரத்தில் இருப்பவர் தம் விருப்பப்படி திருப்பிவிட முடியாது. குடியிருப்புச் சங்கங்கள் இன்றும் நீதிமன்றங்களில் எடுத்து வைக்கும் தீர்ப்பு இது.

நம் மாநிலத்தில் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதி நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கென்று தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். புதிய நகர்களில் பொதுவுக்கென்று மிஞ்சும் இடம் இதுதான். அதனால்தான் எல்லோருடைய கண்ணும் அதன்மேல். இன்றைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, நாளைக்கு ஓர் அலுவலகம், அப்புறம் வாடகைக் கடை வரிசை. ஒவ்வொன்றும் மக்கள் சேவை என்ற பெயரில்தான் வரும். பிள்ளைகள் பந்து விளையாடிய இடம் எப்போது போனது என்று யாருக்கும் தேதி சொல்லத் தெரியாது. கட்டடத்துக்குள் நடக்கும் வேலையை விரிக்கலாம், அதற்காகத் திறந்த மண்ணைத் தின்னக் கூடாது என்பதில் நான் விடாப்பிடியாக இருப்பேன். மாடி எழுப்பட்டும், நேரத்தைக் கூட்டட்டும். பக்கத்து மைதானத்தில் கை வைக்க வேண்டாம்.

இன்னொரு சுருட்டல் சத்தமில்லாமல் நடப்பது. சமுதாயக் கூடம் கல்யாண மண்டபமாக மாறுவது அது. தவறு என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாத மாற்றம். ஏழைக் குடும்பம் குறைந்த வாடகையில் கல்யாணம் நடத்துவது நல்ல காரியம், அதற்காகத்தான் கூடமே. ஆனால் வாடகை வருமானம் பழகிவிட்டால், வாடகை தராத எல்லாமே இடைஞ்சலாகத் தெரியும். சனிக்கிழமை தையல் வகுப்பு நிற்கும். பிள்ளைகளின் மாலை நேரப் படிப்பு 'சுவரெல்லாம் கிறுக்குதுங்க' என்று நிற்கும். துக்க வீட்டுக்கு இடமில்லை என்ற பலகை வரும். காசு தரும் பயன் காசு தராத பயனை வெளியே தள்ளுகிறது. பெங்களூருவில் வழக்காகப் போனது இங்கே பேச்சில்லாமல் முடிந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் நம் ஆட்கள் வாழும் அரசு அடுக்ககங்களின் தரைத்தளம் எந்த வீடும் இல்லாமல் வெறும் தூண்களோடு திறந்தே இருக்கும். ஒரு சனிக்கிழமை அங்கே மலாய்க் கல்யாணம் நடக்கும், அடுத்த வாரம் அதே இடத்தில் சீனக் குடும்பத்தின் துக்கச் சடங்கு நடக்கும், மூலையில் முதியோர் மையமோ பாலர் பள்ளியோ இருக்கும். சாவுக்கு இடம் கொடுத்ததால் கல்யாணத்துக்கு அந்த இடம் ஆகாது என்று யாரும் ஒதுங்கவில்லை. முறைப்படி பதிவு செய்ய வேண்டும், முடிந்ததும் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்கள் இன்னும் நமக்கு நெருக்கம். பத்திரிகை வாசிக்கும் ஒரு அறை என்று தொடங்கி, முன்பள்ளி, விளையாட்டுக் கழகம், கூட்டம், விழா என்று ஊர் இளைஞர்களின் கையில் விரிந்தவை. அங்கேயும் சாவி ஊரிடம் இருந்தது.

மறுபடி நம் ஆற்றங்கரை. ஸ்ரீரங்கம் 1994இல் திருச்சி மாநகராட்சியோடு இணைந்தது. ஆனாலும் பெரிய வசதி எதற்கும் காவிரியைத் தாண்டுவதே இங்கே வழக்கம். புத்தூர் அரசு மருத்துவமனைக்கு, ஆட்சியர் அலுவலகத்துக்கு என்று எல்லாமே பாலம் கடந்துதான். 2022 நவம்பரில் காவிரிப் பாலத்தைச் சீரமைப்புக்காக மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தது. அந்த நாலு மாதம் மருந்துக்கும் சான்றிதழுக்கும் சுற்று வழியில் அலைந்த முதியவர்களுக்கு, தெருவிலேயே ஒரு சேவை மையம் இருந்தால் என்ன என்பதை விளக்கவே தேவையில்லை. வெள்ளமும் அப்படித்தான். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்ததும், சில நாளில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும் மறந்திருக்காது. இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கும் தீவில், சமுதாயக் கூடத்தின் அனுமதிப் பட்டியலில் நிவாரண முகாம் என்ற வரி முதலிலேயே இருக்க வேண்டும். சமையலறை, பெண்களுக்குத் தனிக் குளியலறை, மேல்தளத்தில் மின்சாரப் பலகை என்று கட்டும்போதே அதற்குத் தக்கபடி.

இந்த ஊருக்கென்று தனியான தேவைகளும் உண்டு. வைகுண்ட ஏகாதசியின் பகல்பத்து, இராப்பத்து நாட்களிலும், ஆடிப்பெருக்குக்கும், தை, ஆடி அமாவாசைக்கும் அம்மா மண்டபத்துப் படித்துறையில் திரளும் கூட்டத்துக்கு உடை மாற்ற, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க, சற்று சாய இடம் வேண்டும். அந்த நாட்களில் தெருக் கூடங்களைத் திறந்துவிடலாம். உள்ளூர்க்காரருக்கு அதனால் இடைஞ்சல் வரும் என்பது உண்மையான கவலை. சத்தம், வண்டி, குப்பை எல்லாம் வரும். எந்த நாட்கள், எத்தனை மணிவரை, குப்பையை யார் அள்ளுவது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை வராது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு. அவர்களுக்குப் பகலில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. பேச்சுத் துணையை அப்படிக் கொண்டுவர முடியாது.

வீடே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் இரவில் படுப்பவர்கள். 2010இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து லட்சம் பேருக்கு ஓர் இரவுத் தங்குமிடம் என்பது நெறியானது. அந்தக் கணக்கில் திருச்சிக்கு ஒன்பது தங்குமிடமாவது வேண்டும். மழை இரவில் காலியாகக் கிடக்கும் கூடத்தைத் திறப்பதற்கும் பட்டியலில் ஒரு வரி வேண்டும். 'நல்ல காரியம்தான், ஆனா எங்க தெருவுல வேணாம்' என்ற குரல் எழும். அந்தக் குரலோடு பொறுமையாகப் பேச வேண்டும், ஆனால் அதற்குப் பணிந்துவிடக் கூடாது.

ஒரே இடத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. பகுதி நேர ரேஷன் கடை வாரத்தில் ஓரிரு நாள் வேறொரு கட்டடத்தில் நடக்கிறது. பள்ளிக்கூடம் ஒருநாள் வாக்குச்சாவடியாகிறது. 2021இல் கூடங்களிலும் பள்ளிகளிலும் தடுப்பூசி போட்டார்கள். அப்போதெல்லாம் எந்தத் துறையும் இது எங்கள் பட்டியலில் இல்லை என்று சொல்லவில்லை.

தீர்மானிக்கும் இடம் எது என்பது மட்டும் பாக்கி. நகர்ப்புறங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் இப்போது சட்டத்தில் இருக்கின்றன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூடின. அங்கே பெரும்பாலும் தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படும், பேசப்படத்தான் வேண்டும். கூடத்தின் நேர அட்டவணையையும் அங்கே வைக்கலாம். நில உபயோகத்தை மாற்றுவது மாமன்றத்துக்கும் நகர் ஊரமைப்புத் துறைக்கும் உரிய வேலை, அது கடினமாகவே இருக்கட்டும். கட்டடத்துக்குள் எந்த மணியில் எது நடக்கலாம் என்பதைத் தெருவாரே முடிவு செய்யட்டும். வாடகை வரவை நோட்டில் எழுதி வாசலில் ஒட்டட்டும், கல்மந்தைப் பெண்கள் எழுதியதுபோல.

எங்கள் தெருவில் எட்டு வீட்டார் சேர்ந்து அடுத்த பகுதி சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் காலை பத்து முதல் நாலு வரை முதியோருக்கு, நாலு முதல் எட்டு வரை பிள்ளைகள் படிக்க, ஆற்றில் தண்ணீர் கரை தொட்டால் எல்லோருக்கும் என்று கேட்டிருக்கிறோம். சாவி இரண்டு இருக்க வேண்டும், ஒன்று தெருக் குழுவில் உள்ள பெண் ஒருவரிடம் என்றும் எழுதியிருக்கிறது. பலகையில் இருக்கும் 'சுப' என்ற சொல்லையும் 'மட்டும்' என்ற சொல்லையும் அழித்துவிட்டு 'நிகழ்ச்சிகளுக்கு' என்பதை மட்டும் விட்டுவைக்கும்படி கடைசி வரியில் கேட்டிருக்கிறோம். அந்த வரியைச் சொன்னவர் மாமி. முதல் கையெழுத்தும் அவருடையது.